பந்தியும் பங்கத்தும்: புணே நகர மலிவு உணவிடங்களின் பெயர் வரலாறு

1. முன்னுரை

மராத்திப் புதினம் ஒன்றைத் தமிழாக்கும் மொழிபெயர்ப்பாளர் ‘கானாவள்’ என்னும் சொல்லை எதிர்கொள்ளும்போது பெரும்பாலும் ‘உணவகம்’ என்று எழுதிக் கடந்துவிடுகிறார். அடுத்த பக்கத்தில் ‘உபாஹாரக்ருஹ’ என்னும் சொல் வருகிறது, அதுவும் உணவகமே. பின்னர் ஓர் ‘இராணி’ வருகிறது, ‘அம்ருத்துல்ய’ வருகிறது, ‘பாக்கர் கேந்திரம்’ வருகிறது. இவை அனைத்தும் குறைந்த விலைக்கு உணவோ தேநீரோ கிடைக்கும் இடங்கள் என்பது உண்மை. ஆயினும் ஒரே சொல்லால் இவற்றைப் பெயர்த்துவிட்டால் மூல நூலின் மாந்தர் ஏன் ஓரிடத்தில் நுழைந்து மற்றோரிடத்தைத் தவிர்த்தனர் என்பது தமிழ் வாசகர்க்கு விளங்காமலே போய்விடும்.

மலிவு உணவிடங்களின் பெயர்கள் பெரும்பாலும் அங்குக் கிடைக்கும் பண்டத்தைக் குறிப்பதில்லை. யார் சமைக்கிறார், யார் யாருடன் அமரலாம், யாருடைய பாத்திரத்தில் உண்ணலாம், கணக்கு எவ்வாறு தீர்க்கப்படும் என்னும் சமூக உறவுகளையே அவை குறிக்கின்றன. இக்கருத்தைப் புணே நகரையும் அதன் வடமேற்கிலுள்ள கசார்வாடியையும் களமாகக் கொண்டு, தமிழ்வழக்கோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. மொழிபெயர்ப்புக்குப் பயன்படும் சில பரிந்துரைகள் இறுதியில் தரப்படுகின்றன.

2. கசார்வாடி: இடமும் பெயரும்

கசார்வாடி, புணே–லோணாவளா இருப்புப்பாதையில் தாபோடிக்கும் பிம்ப்ரிக்கும் இடையே உள்ள நிலையம். பழைய மும்பை–புணே நெடுஞ்சாலை இவ்வூரின் வழியே செல்கிறது. நாசிக் செல்லும் சாலை இதன் அருகே பிரிகிறது. 2022 மார்ச் 6ஆம் நாள் திறந்துவைக்கப்பட்ட புணே மெட்ரோவின் முதற் பகுதியிலும் இவ்வூர் ஒரு நிலையமாக இடம்பெற்றது. இன்று இது பிம்ப்ரி–சிஞ்ச்வட் மாநகராட்சியின் ஒரு பகுதி.

ஊர்ப்பெயரின் முற்பகுதியான ‘காஸார்’ என்பது வெண்கலம், பித்தளை ஆகியவற்றாலான பாத்திரங்களைச் செய்தும் விற்றும் வந்த மராத்தியச் சமூகத்தின் பெயர். வளையல் வணிகமும் இவர்களுக்கு உரியது. ‘காம்ஸ்யகார’ என்னும் வடசொல்லிலிருந்து இது பிறந்தது. தமிழில் இதற்கு நிகரான தொழிற்பெயர் ‘கன்னார்’. பிற்பகுதியான ‘வாடி’, சிற்றூர் அல்லது குடியிருப்புத் தொகுதியைக் குறிப்பது. வேலி, அடைப்பு, தோட்டம் ஆகிய பொருள்களையுடைய ‘வாட’, ‘வாடிகா’ என்பவற்றோடு தொடர்புடையது. தமிழில் ‘மரவாடி’ என்னும் வழக்கிலும், இலங்கைத் தமிழில் கடற்கரை மீனவர் தங்கும் ‘வாடி’ என்னும் வழக்கிலும் இச்சொல் வாழ்கிறது. எனவே ஊர்ப்பெயரின் சொற்பொருள் ‘கன்னார் குடியிருப்பு’ என்பதாகும். பாத்திரம் செய்வோரின் பெயரைத் தாங்கிய ஓர் ஊரிலிருந்து பாத்திரத்தின் வரலாற்றைத் தொடங்குவது பொருத்தமே. பொதுவிடத்தில் உண்பது பற்றிய சிக்கல்களுள் பாத்திரச் சிக்கல் முதன்மையானது என்பது பின்னர் விளங்கும்.

இப்பகுதியில் மலிவு உணவிடங்கள் பெருகியதற்குக் காரணம் தொழிற்சாலைகள். அருகிலுள்ள கட்கியில் 1869இல் வெடிபொருள் தொழிற்சாலை நிறுவப்பட்டது. பிம்ப்ரியில் 1954இல் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம் அமைந்தது. 1960களில் மோட்டார், பொறியியல் தொழிற்சாலைகள் நெடுஞ்சாலையின் இருபுறமும் எழுந்தன. 1970இல் பிம்ப்ரி–சிஞ்ச்வட் நகராட்சி உருவாகி 1982இல் மாநகராட்சியாயிற்று. மராட்டிய மாநிலத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் ஆண்கள் தனியே வந்து வேலைக்கமர்ந்தனர். கட்கி, தேஹுரோடு ஆகிய படைத்துறைக் குடியிருப்புகளில் தமிழ் பேசுவோரும் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவனுக்குச் சோறு யார் ஆக்கிப் போடுவது என்னும் வினாவுக்கு நகரம் தந்த விடைகளே இக்கட்டுரையில் ஆராயப்படும் பெயர்கள்.

3. வரிசையில் அமர்தல்

தமிழில் விருந்தின்போது உண்போர் அமரும் வரிசை ‘பந்தி’ எனப்படுகிறது. மராத்தியில் அது ‘பங்கத்’. இரண்டும் ‘பங்க்தி’ என்னும் வடசொல்லின் இருவேறு திரிபுகள். இரு மொழிகளும் ஒரு வேரிலிருந்து சொல்லைப் பெற்றதோடு நில்லாமல், அவ்வரிசையில் நிகழும் அநீதிக்கும் தனித்தனியே தொடர்களை ஆக்கிக்கொண்டுள்ளன. ஒருவருக்கு நெய்யும் மற்றொருவருக்கு வெறுஞ்சோறும் இடுவதைத் தமிழர் ‘பந்தி வஞ்சனை’ என்பர். மராத்தியர் ‘பங்க்திப்ரபஞ்ச’ என்பர். இங்குப் ‘பிரபஞ்சம்’ என்பதற்குத் தமிழில் உள்ள உலகு என்னும் பொருள் இல்லை. வேறுபாடு காட்டுதல் என்பதே பொருள். அகராதியைப் பாராது ஒலியொப்புமையை மட்டும் நம்பும் மொழிபெயர்ப்பாளர் இத்தொடரில் தவறுவது எளிது.

‘கானாவள்’ என்னும் சொல்லிலும் வரிசை ஒளிந்திருக்கிறது எனலாம். உண்ணுதலைக் குறிக்கும் ‘காணே’ என்பது இதன் முற்பகுதி. பிற்பகுதியை வரிசை எனப் பொருள்படும் ‘ஆவளி’யின் திரிபாகக் கருதலாம், விருந்துப் பந்தியைக் குறிக்கும் ‘ஜேவணாவள்’ என்னும் சொல்லிலும் இதே ஈறு காணப்படுகிறது. அவ்வாறாயின் கானாவள் என்பது ‘உண்போர் வரிசை’. ஜேவணாவளில் வரிசை அமர்வோர் அழைக்கப்பட்டவர்; கானாவளில் அமர்வோர் பணம் கொடுத்தவர். இவ்வேறுபாடு பெரிது. அழைப்பு சாதியையும் உறவையும் பார்க்கும். பணம் அவற்றைப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் நடைமுறையில் பணமும் நெடுங்காலம் பார்த்தது.

விலைக்குச் சோறு விற்பது தகாது என்னும் எண்ணம் தமிழகத்திலும் மராட்டியத்திலும் வலுவாக இருந்தது. வழிப்போக்கருக்கு உணவளிப்பது அறம். அதன் இடம் சத்திரம். மராத்தியில் அது ‘அன்னசத்ர’. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1802இல் ஒரத்தநாட்டில் அமைத்த முத்தாம்பாள் சத்திரம் இரு பண்பாடுகளும் இவ்வறத்தில் ஒன்றியமைக்குச் சான்று. எனினும் சாதிவாரியாகப் பந்தியைப் பிரிக்கும் வழக்கம் சத்திரங்களில் நிலவியது. இலவச உணவு எல்லார்க்கும் உரியதாக இருந்தாலும் வரிசை ஒன்றாக இருக்கவில்லை. ‘சத்திரம்’ என்னும் சொல்லைப் பெயர்க்கும்போது அதன் அறச்சாயலை மட்டும் கொண்டு செல்வோர் இதனையும் நினைவிற்கொள்ளுதல் நன்று.

4. 1890: ஒரு கோப்பைத் தேநீர்

பொதுவிடத்தில் உண்பதும் அருந்துவதும் புணேயில் எத்தகைய பொருளைத் தாங்கின என்பதை ஒரு நிகழ்ச்சி தெளிவுபடுத்துகிறது. 1890 அக்டோபர் 4ஆம் நாள் புணேயின் பாஞ்ச் ஹௌத் பகுதியிலுள்ள கிறித்தவ மிஷனில் நடைபெற்ற ஒரு கூட்டத்தில் நகரத்தின் பெருமக்கள் பலர் கலந்துகொண்டனர். மகாதேவ் கோவிந்த் ரானடே, பாலகங்காதர திலகர், கோபால கிருஷ்ண கோகலே ஆகியோர் அவர்களுள் அடங்குவர். கூட்ட முடிவில் தேநீரும் பிஸ்கோத்தும் வழங்கப்பட்டன. ஏற்பாட்டில் பங்கு கொண்ட கோபால்ராவ் ஜோஷி, வந்திருந்தோர் பெயர்களைப் ‘புணே வைபவ்’ என்னும் இதழின் வழியே வெளிப்படுத்தினார். கிறித்தவர் கையால் தேநீர் பெற்றவர்கள் சாதி ஒழுக்கம் கெட்டவர்கள் எனக் குற்றம் சாட்டப்பட்டு, சங்கராச்சாரியார் அமைத்த விசாரணைக்கு உட்பட்டனர். சிலர் பிராயச்சித்தம் செய்தனர். ரானடே அவர்களுள் ஒருவர்.

இத்தகைய சாதிப் பூசலுக்கும் விலக்கலுக்கும் மராத்தியில் ‘க்ராமண்ய’ என்று பெயர். இதற்குத் தமிழில் ஒற்றைச் சொல் நிகரன் இல்லை. ‘ஊர் விலக்கம்’, ‘சாதிக் கட்டுப்பாடு’ என்பன இதன் ஒவ்வொரு பகுதியை மட்டும் உணர்த்துகின்றன.

‘ஹௌத்’ என்றால் நீர்த்தொட்டி. ‘பாஞ்ச் ஹௌத்’ என்பது ஐந்து தொட்டிகள். அதே நகரில் ஜோதிராவ் ஃபுலே 1868இல் தம் வீட்டு நீர்த்தொட்டியைத் தீண்டாமைக்கு உட்பட்ட மக்களுக்குத் திறந்துவிட்டிருந்தார். நீரும் உணவும் ஒரே வேலியால் அடைக்கப்பட்டிருந்தன என்பதை அரசியலமைப்பை இயற்றியோர் அறிந்திருந்தனர். 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15ஆம் உறுப்பு, கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் நுழையும் உரிமையையும், கிணறு, குளம் ஆகியவற்றைப் பயன்படுத்தும் உரிமையையும் அடுத்தடுத்த பகுதிகளில் உறுதிசெய்கிறது. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமோ இன்னும் ஒரு படி சென்று, பொது உணவு விடுதியிலும் சத்திரத்திலும் பொதுமக்களுக்கென வைத்துள்ள பாத்திரங்களைப் பயன்படுத்துவதைத் தடுப்பது குற்றம் என்று தனியே விதித்தது. உள்ளே நுழைய விட்டுப் பாத்திரத்தை மறுப்பதும் விலக்கலே என்பதைச் சட்டம் கண்டுகொண்டது. தமிழகத்துத் தேநீர்க்கடைகளில் நிலவிய ‘இரட்டைக் குவளை முறை’ என்னும் சொற்றொடர் இவ்விலக்கலுக்குத் தமிழ் இட்ட பெயர். அண்டை மொழிகளுக்கு இத்தொடரைப் பெயர்ப்போர் குவளை என்பதை வெறும் பாண்டமாகக் கொண்டால் பொருள் வழுவும்.

5. கானாவள்: சமைப்பவரின் பெயரால்

கானாவள் பெரும்பாலும் ஒரு வீட்டின் முன்னறை. அவ்வீட்டுப் பெண் சமைப்பார். சுற்றுவட்டத்துத் தொழிலாளர் மாதக் கணக்கில் உண்பர். சம்பள நாளில் கணக்குத் தீரும். மும்பையின் ஆலைப்பகுதியான கிர்ணகாவில் இம்முறை பெருகியது. பருத்தி, மளிகை ஆகியவற்றின் வரலாற்றில் இடம்பெறும் அளவுக்கு இப்பெண்களின் உழைப்பு நெடுங்காலம் எழுத்தில் இடம்பெறவில்லை. மாதம் முழுதும் கடனுக்குச் சோறு போட்ட அவர்கள், அதற்கான தானியத்தைத் தாமே அதிக வட்டிக் கடனில் வாங்கினர். 1975இல் பிரேமா புரவ் மும்பையில் நிறுவிய அன்னபூர்ணா மகிளா மண்டல் இவர்களை ஒருங்கிணைத்து வங்கிக் கடன் கிடைக்கச் செய்தது. 1982 ஜனவரியில் மும்பைப் பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, சம்பளம் நின்றதால் கானாவள்களின் கணக்கும் நின்றது. ஆலையின் தலைவிதியோடு அடுப்பின் தலைவிதி பிணைந்திருந்ததற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

இச்சொல் மராத்தியின் எல்லையைக் கடந்து கன்னடத்திலும் ‘கானாவளி’ என வழங்குகிறது. வட கருநாடகத்தில் லிங்காயத்துக் கானாவளி, சாவஜிக் கானாவளி எனச் சமூகப் பெயரை அடையாக ஏற்று நிற்பது கருதத்தக்கது. முன்னது மரக்கறி உணவு. பின்னது காரமான இறைச்சியுணவு. சமூகப் பெயர் இங்கு உணவுப் பட்டியலாகவும் பயன்படுகிறது. சொல் ஒரு திராவிட மொழிக்குள் நுழைந்தபோது தன்னுடன் பந்தியின் பிரிவினையையும் எடுத்துச் சென்றது எனலாம்.

தமிழில் கானாவளுக்குச் செயலளவில் நெருங்கிய நிகரன் ‘மெஸ்’. படைவீரர் கூடியுண்ணும் இடத்தைக் குறித்த ஆங்கிலச் சொல், தமிழகத்தில் மாணவரும் தனியாகத் தங்கிய எழுத்தரும் மாதக் கணக்கில் உண்ணும் சிறு உணவிடத்தைக் குறிக்கலாயிற்று. வீட்டுச் சமையல், மாதப் பற்று, குறைந்த விலை ஆகியவை இரண்டிற்கும் பொது. ஆனால் ‘மெஸ்’ உண்போரின் கூட்டத்தைப் பெயராக்கிக்கொண்ட சொல். அதில் சமைப்பவரின் தடம் இல்லை. மராத்தியில் ‘கானாவள்வாலீ பாயீ’ என்று கூறும்போது ஒரு பெண்ணின் உருவம் கண்முன் வருகிறது. அதனை ‘மெஸ் நடத்தும் அம்மா’ எனப் பெயர்த்தால் உருவம் காக்கப்படும். ‘உணவக உரிமையாளர்’ என்றால் அவள் மறைந்துவிடுவாள்.

உணவின் அலகைப் பெயரிடுவதிலும் இரு மொழிகள் வேறுபடுகின்றன. மராத்தி பாத்திரத்தைக் கொண்டு பெயரிடுகிறது: ‘தாளி’, ‘ரைஸ் ப்ளேட்’, ‘டபா’. தமிழ் அளவையும் செயலையும் கொண்டு பெயரிடுகிறது: ‘அளவுச் சாப்பாடு’, ‘முழுச் சாப்பாடு’, ‘எடுப்புச் சாப்பாடு’. தமிழர் நெடுங்காலம் இலையில் உண்டதால் திரும்ப எடுத்துக் கழுவி மற்றவருக்கு வைக்கவேண்டிய தட்டு பெயரில் இடம்பெறவில்லை என்பது ஓர் ஊகம். இலை ஒருமுறை பயன்பட்டு எறியப்படுவது. எனவே பகிர்தல் பற்றிய அச்சம் அங்கு எழவில்லை. அச்சம் குவளையில் வந்து நின்றது. உதட்டில் படாமல் அண்ணாந்து குடிப்பதற்கு ஏற்ப விளிம்பு மடிந்த பித்தளைத் தம்ளர் அதன் விளைவு.

6. அம்ருத்துல்ய, இராணி, மெட்ராஸ்

புணேயின் தேநீர்க்கடைகளுள் ஒருவகை ‘அம்ருத்துல்ய’ எனப்படும். ‘அமிழ்துக்கு ஒப்பானது’ என்பது பொருள். இராஜஸ்தானிலிருந்து குடியேறிய பிராமணக் குடும்பத்தார் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவற்றைத் தொடங்கினர். பித்தளைப் பாத்திரத்தில் பாலும் தேயிலையும் ஏலமும் இஞ்சியும் சேர்த்துக் காய்ச்சித் துணியில் வடித்துத் தருவர். பெண் தெய்வத்தின் பெயரும் ‘அம்ருத்துல்ய’ என்னும் சொல்லும் இணைந்து பலகையில் விளங்கும். 1890இல் தேநீர் மாசுபடுத்தும் பொருளாக விசாரிக்கப்பட்ட நகரில், ஒரு தலைமுறைக்குப் பின் அது அமிழ்தாகப் பெயரிடப்பட்டது. கடவுட் பெயரும் வடமொழிச் சொல்லும் அந்நியப் பானத்திற்குத் தூய்மை வழங்கின. அண்மைக் காலத்தில் இச்சொல் வணிகத் தொடர்க்கடைகளின் பெயர்களில் இணைந்து கசார்வாடி போன்ற புறநகர்ச் சாலைகளிலும் பரவியுள்ளது. இன்றைய வழக்கில் இது ‘புணே முறைத் தேநீர்க்கடை’ என்னும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. தேநீரைக் குறிக்கும் மராத்திச் சொல் ‘சஹா’. இது சீனத்தின் ‘சா’ மரபினது. தமிழின் ‘தேநீர்’, ‘தேயிலை’ ஆகியவை ‘தே’ மரபின. ஒரே பானம் இருவேறு வணிக வழிகளில் இரு மொழிகளை வந்தடைந்தது.

இராணி உணவிடங்கள் இதற்கு நேர்மாறானவை. பாரசீகத்தின் யஸ்து, கெர்மான் முதலிய பகுதிகளிலிருந்து வந்தோர் மும்பையிலும் புணேயிலும் இவற்றை நடத்தினர். புணேயின் டெக்கன் பகுதியிலுள்ள குட்லக் கபே 1935இல் தொடங்கப்பட்டது. சாதி வரிசைக்கு வெளியே நின்ற இவர்களுக்கு ஒருவரை உள்ளே விடாதிருக்க மரபுவழிக் காரணம் ஏதும் இருக்கவில்லை. இங்கு வரிசை இல்லை, மேசை உண்டு. பந்தியில் அமர்வோர் அருகருகே அமர்ந்து ஒரே திசையை நோக்குவர். மேசையில் அமர்வோர் முன்பின் அறியாதவரை எதிரே நோக்க நேர்கிறது. பீங்கான் கோப்பையையும் கண்ணாடிக் குவளையையும் முன்பு யார் வாயில் வைத்தார் என்று வினவ இயலாது. குறைந்த விலையில் நெடுநேரம் அமர்ந்திருக்க இடமளித்ததால் மாணவரும் எழுத்தாளரும் இவற்றை நாடினர். ‘இராணி’ என்பதைத் தமிழில் எழுதும்போது அரசி எனப் பிறழ உணரப்படும் இடர் உண்டு. ‘ஈரானியர் தேநீரகம்’ என முதல்முறை விளக்கிப் பின் ‘இராணி’ எனத் தொடர்வது தக்கது.

இராணியில் தேநீருடன் கிடைக்கும் ‘பாவ்’ போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. இலங்கைத் தமிழின் ‘பாண்’ என்பதும் அச்சொல்லே. ‘வடாபாவ்’ என்பதில் உள்ள ‘வடா’ தமிழின் ‘வடை’க்கு உறவு; ஆனால் பொருள், நாம் உருளைக்கிழங்கு போண்டா என்று கூறும் பண்டம். சொல் உறவையும் பொருள் உறவையும் பிரித்தறிய இது ஓர் எளிய பாடம்.

மூன்றாவது வகை தென்னிந்திய உணவிடம். உடுப்பி என்னும் கோயிலூரின் பெயரால் வழங்கும் இவ்விடுதிகள், கோயில் மடைப்பள்ளியில் பயின்ற பிராமணரால் முதலில் நடத்தப்பட்டன. பின்னர்த் துளு பேசும் ஷெட்டி சமூகத்தார் பெருமளவில் இத்தொழிலில் ஈடுபட்டனர். தமிழர் மிகுதியாகக் குடியேறிய மும்பை மாதுங்காவில் 1942இல் ஏ. இராம நாயக் தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண போர்டிங் இதில் முன்னோடி. புணேயில் ஜகந்நாத் ஷெட்டி 1950களின் தொடக்கத்தில் ஃபெர்குசன் கல்லூரிச் சாலையில் நடத்திய ‘மெட்ராஸ் ஹெல்த் ஹோம்’ பின்னர் ‘வைஷாலி’ எனப் பெயர் மாறிப் பல தலைமுறை மாணவரின் விருப்பிடமாயிற்று. துளுவர் ஒருவர் தம் உணவிடத்திற்கு ‘மெட்ராஸ்’ எனப் பெயரிட்டது இன்று வியப்பாகத் தோன்றலாம். 1956 நவம்பர் 1 வரை தென் கன்னட மாவட்டம் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது என்பதை நினைத்தால் அப்பெயரில் வழு இல்லை. வட இந்திய வழக்கில் தென்னவர் அனைவரையும் ‘மதராஸி’ என்பதற்கும் இவ்வாட்சி எல்லையே தொடக்கம். எல்லை நீங்கிய பின்னும் சொல் நீங்கவில்லை.

7. தமிழகப் பெயர்ப்பலகைகள்

தமிழகத்தின் ‘கிளப்’ வரலாறும் ஒப்புநோக்கத்தக்கது. கூடியிருந்து பொழுதுபோக்கும் ஆங்கிலேயர் சங்கத்தைக் குறித்த சொல், ‘காபி கிளப்’ என்னும் தொடரில் காசு கொடுத்துச் சிற்றுண்டி உண்ணும் கடையைக் குறித்தது. ‘ஓட்டல்’ என்பதும் தங்குமிடம் என்னும் பொருளை இழந்து உண்ணுமிடம் ஆயிற்று. மராத்தியின் ‘ஹாட்டேல்’ இதே மாற்றத்திற்கு உள்ளானது. தங்குமிடத்திற்கு இரு மொழிகளும் ‘லாட்ஜ்’ என்பதை வைத்துக்கொண்டன. ‘விலாஸ்’, ‘பவன்’ ஆகிய ஈறுகள் மாளிகையின் பெருமையைச் சிறு கடைக்குத் தந்தன.

இப்பெயர்களுடன் ‘பிராமணாள்’ என்னும் அடை நெடுங்காலம் இணைந்திருந்தது. சமைப்பவர் இன்ன சாதியார் என்னும் உறுதிமொழியாக அது காட்டப்பட்டது. உண்போருள் யாருக்கு முன்னிடம் என்பதையும் அது உணர்த்தியது. 1957இல் பெரியார் தலைமையில் திராவிடர் கழகத்தார் சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன் அச்சொல்லை நீக்கக் கோரி நாள்தோறும் மறியல் செய்து சிறை சென்றனர். ஒரு பெயரடைக்காக மக்கள் சிறை சென்றது மொழியியலார் எண்ணிப்பார்க்க வேண்டிய நிகழ்ச்சி. பெயர்ப்பலகை வெறும் விளம்பரம் என்று போராடியோர் கருதவில்லை. பந்தியின் எல்லைக்கோடு என்றே கண்டனர். காலப்போக்கில் அவ்விடத்தில் ‘உயர்தர சைவ உணவகம்’ என்னும் தொடர் நிலைபெற்றது. ‘உயர்தர’ என்பது பண்டத்தின் தரத்தை மட்டும் குறிக்கிறதா என்பது ஆராயத்தக்கது. ‘சைவ’ என்னும் சமயச் சொல் மரக்கறி என்னும் பொருளைப் பெற்றிருப்பதைப் பிறமொழி மொழிபெயர்ப்பாளர்க்கு விளக்கிக் கூறுதல் வேண்டும்.

8. கஷ்டமும் உழைப்பும்

புணேயின் மலிவு உணவிட வரலாற்றில் தலையாய இடம் ‘கஷ்டாசீ பாக்கர்’ என்னும் நிலையங்களுக்கு உண்டு. சுமைதூக்கும் தொழிலாளரின் சங்கமான ஹமால் பஞ்சாயத்து, பாபா ஆடாவ் தலைமையில் 1974இல் இவற்றைத் தொடங்கியது. இலாபமும் நட்டமும் இன்றி உழைப்பாளிகளுக்கு வயிறார உணவளிப்பது நோக்கம். ‘பாக்கர்’ அல்லது ‘பாக்கரி’ என்பது சோளம், கம்பு ஆகியவற்றின் மாவைக் கையால் தட்டிச் சுடும் ரொட்டி. சிற்றூர் மக்களின் அன்றாட உணவு. இதே பாபா ஆடாவ் 1970களில் ‘ஏக் காவ், ஏக் பாணவடா’ (ஓர் ஊர், ஒரு நீர்த்துறை) என்னும் இயக்கத்தை நடத்தினார். ஃபுலேயின் தொட்டிக்கும் இந்த ரொட்டிக்கும் உள்ள உறவு தெளிவு.

இப்பெயரைத் தமிழில் ‘கஷ்டத்தின் ரொட்டி’ எனப் பெயர்ப்பது பெருந்தவறு. தமிழில் ‘கஷ்டம்’ துன்பம் அல்லது வறுமை. மராத்தியில் ‘கஷ்ட’ என்பதற்குத் துன்பம் என்னும் பொருள் இருந்தாலும், உடல் வருந்தச் செய்யும் உழைப்பு என்பதே இங்கு முதன்மையான பொருள். ‘கஷ்டகரீ’ என்றால் உழைப்பாளி. தமிழ்ப் பொருளைக் கொண்டால் அது இரக்கத்தால் இடப்படும் சோறாகிவிடும். மராத்திப் பெயர் கூறுவதோ ‘உழைத்து ஈட்டிய ரொட்டி’. உண்பவன் இரப்பவன் அல்லன் என்னும் தன்மதிப்பு அப்பெயரில் உள்ளது. ஒரு சொல்லைப் பிழைபடப் பெயர்ப்பதால் ஓர் இயக்கத்தின் நோக்கமே தலைகீழாவதற்கு இது சான்று.

அரசுகள் நடத்திய மலிவு உணவுத் திட்டங்களின் பெயர்களும் இவ்வாறே நுண்ணிய கவனம் வேண்டுபவை. மராட்டிய அரசு 1995இல் ஒரு ரூபாய்க்கு ‘ஜுணகா பாக்கர்’ வழங்கும் நிலையங்களைத் தொடங்கியது. 2000இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. ‘ஜுணகா’ கடலைமாவால் செய்யப்படும் தொடுகறி. பெயரே எளிய சிற்றூர் உணவைப் பெருமைப்படுத்தியது. 2020 ஜனவரி 26இல் பத்து ரூபாய் விலையில் ‘சிவ்போஜன் தாளி’ தொடங்கப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சில் கொரோனா முடக்கத்தின்போது விலை ஐந்து ரூபாயாகக் குறைக்கப்பட்டது. ‘சிவ்’ என்பதைக் கண்ட தமிழர் சிவபெருமானை நினைப்பர். மராட்டியப் பொதுவாழ்வில் இத்தகைய பெயர்களில் அது சத்ரபதி சிவாஜியைக் குறிக்கும். ‘சிவஜயந்தி’ என்பதும் அவர் பிறந்தநாளே. தமிழகத்தில் 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கிய ‘அம்மா உணவகம்’ ஓர் இட்டலியை ஒரு ரூபாய்க்கும் சாம்பார் சோற்றை ஐந்து ரூபாய்க்கும் வழங்கியது. அப்பெயரில் ஆட்சித் தலைவரின் பட்டப்பெயரும் தாய் என்னும் உறவுப்பெயரும் ஒன்றாயின. மராத்தியில் ‘ஆயீ’ எனப் பெயர்த்தால் தாய்மை எஞ்சும், அரசியல் மறையும். பெயரை அப்படியே ஒலிபெயர்த்து விளக்கம் தருவதே ஏற்புடையது.

9. பரிந்துரைகளும் முடிவுரையும்

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படும் பரிந்துரைகள் பின்வருமாறு:

(அ) கானாவள் என்பதை ‘மெஸ்’ எனவோ ‘வீட்டுச் சாப்பாட்டுக் கடை’ எனவோ பெயர்க்கலாம். சமைக்கும் பெண் கதையில் இடம்பெறுமிடத்து மூலச்சொல்லை வைத்துக்கொள்ளுதல் சிறப்பு.

(ஆ) உபாஹாரக்ருஹ என்பதற்குச் ‘சிற்றுண்டிச்சாலை’ பொருந்தும்.

(இ) அம்ருத்துல்ய, இராணி, உடுப்பி ஆகியவை வரலாறு ஏறிய பெயர்கள், ஒலிபெயர்ப்பே தக்கது.

(ஈ) பங்கத் என்பதற்குப் ‘பந்தி’யும், பங்க்திப்ரபஞ்ச என்பதற்குப் ‘பந்தி வஞ்சனை’யும் முழுநிறை நிகரன்கள், வேறு சொல் தேடவேண்டியதில்லை.

(உ) கஷ்ட, பிரபஞ்ச, சிவ் முதலிய போலி ஒப்புச் சொற்களுக்குத் தனிப் பட்டியல் தேவை. மராத்தி–தமிழ் அகராதி தொகுப்போர் இதற்கு முதலிடம் தருதல் வேண்டும்.

தொகுத்து நோக்கின், மலிவு என்பது விலையை மட்டும் பொறுத்ததன்று. கையில் காசிருந்தும் உள்ளே செல்ல இயலாதவனுக்கு எவ்விலையும் மலிவாகாது. பந்தியில் இடம், பொதுப் பாத்திரம், உழைப்புக்குரிய மதிப்பு ஆகியவற்றுக்கான வழக்கு புணேயிலும் சென்னையிலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடந்தது. அவ்வழக்கின் சாட்சிகள் பெயர்ப்பலகைகளில் உள்ளன. இன்று கசார்வாடி நிலையத்தில் இறங்கும் தொழிலாளி எந்தக் கடையிலும் நுழைந்து எந்தக் குவளையிலும் குடிக்கச் சட்டப்படி உரிமையுடையவன். அவ்வுரிமை எளிதில் வந்ததன்று என்பதை ‘உணவகம்’ என்னும் ஒற்றைச் சொல் சொல்லாது. கானாவளும் காபி கிளப்பும் கஷ்டாசீ பாக்கரும் சொல்லும். சொற்களுக்கிடையே வேறுபாட்டை அழித்து எல்லாவற்றிற்கும் ஒன்றையே இடுவதும் மொழிபெயர்ப்பாளர் செய்யும் ஒருவகைப் பந்தி வஞ்சனையே எனலாம்.